ஏழெழுபதும் இரண்டு தாடைகளும்

மன்னிப்பதில் அவரை மிஞ்ச அந்தச் சபையில் ஆள் கிடையாது. சிலருக்குப் பாட வரும், சிலருக்கு ஜெபம் வரும், சிலருக்குப் பிரசங்கம் தொடங்கியதும் தூக்கம் வரும். இவருக்கு மன்னிக்க வரும்.

நிற்காமல் போன பேருந்தின் ஓட்டுநரை, புகையும் தூசியும் அடங்குவதற்குள் மன்னித்துவிடுவார். மாடி வீட்டில் காயப்போட்ட துணி தலையில் சொட்டினால், படியேறிப் போய்க் கதவைத் தட்டி, "உங்க துணி என் தலையில சொட்டிருச்சு. மன்னிச்சுட்டேன். சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்" என்பார். தான் குற்றவாளி என்பதும், தனக்கு விடுதலை ஆகிவிட்டது என்பதும் ஒரே மூச்சில் தெரியவந்து, மாடி வீட்டுக்காரர் வாசலில் விழித்துக்கொண்டு நிற்பார்.

எத்தனை தரம் மன்னிப்பது என்று சீஷன் கேட்டபோது பைபிளில் ஆண்டவர் சொன்ன கணக்கு ஏழெழுபது, அதாவது ஏழு எழுபது தடவை. அதையே சபை இளவட்டங்கள் இவருக்குப் பட்டமாகச் சூட்டினார்கள். விஷயம் காதுக்கு எட்டியதும் அவர்களையும் கூப்பிட்டு வரிசையாக நிற்கவைத்து மன்னித்தார். பட்டம் நிலைத்துவிட்டது.

தொழில், பல் செட் கட்டுவது. பல் ஆஸ்பத்திரி ஒன்றின் பின்னறையில் அவருக்கு ஒரு மேசை, ஒரு ஸ்பிரிட் விளக்கு, தேய்த்து வழுவழுப்பாக்க ஒரு ராவும் மெஷின். முன்னறையில் டாக்டர் பிடுங்குவார். பின்னறையில் இவர் கட்டுவார். அளவெடுப்பதும் இவரே. வாய்க்குள் பசையை வைத்து அச்செடுத்து, அந்த அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, ஆளின் தாடையை அப்படியே வெள்ளையாக வார்த்தெடுத்து, அதன்மேல் மெழுகு வைத்துப் பல்லை வரிசைப்படுத்துவார். வேலையில் சுத்தம். வாயைத் திறந்து வைத்திருக்கும் ஆளிடம் ஓயாமல் பேசுவார் என்பது ஒன்றுதான் குறை. பதில் சொல்ல முடியாதவர்களிடம் பேசுவதில் அவருக்குத் தனி ருசி.

அவர் வாழ்க்கையில் செய்த மன்னிப்புகளிலேயே பெரியது, மனைவியின் அண்ணனுக்கு அளித்தது.

அந்த மச்சான் ரொட்டிக்கடைக்காரர். விடியலில் எழுந்து மாவு பிசைகிறவர். ஞாயிற்றுக்கிழமை பாடகர் குழுவில் தனிப்பாட்டுப் பாடுகிறவர். நல்ல கனத்த குரல். மேல்வரிசைப் பல் ஒவ்வொன்றாகக் கழன்றபோது, வேறு எங்கும் போகாமல் தங்கை வீட்டுக்காரரிடமே வாயைக் கொடுத்தார். செட் வந்தது. மாட்டிப் பார்த்துவிட்டு, "இது என் வாய் மாதிரியே இல்லியே மாப்பிள்ளை" என்றார். ஏழெழுபது அங்கே கொஞ்சம் ராவினார், இங்கே கொஞ்சம் ராவினார். "புதுச் செருப்பு கடிக்கும்ல, அது மாதிரிதான் மச்சான். பழகிரும்" என்றார்.

அடுத்த வாரம் ஒரு கல்யாண ஆராதனை. மச்சான் தனிப்பாட்டின் உச்சியில் வாயை அகலத் திறந்த இடத்தில், குரல் மேலே போனது. செட் கீழே வந்தது. முன்வரிசையில் நின்ற மணப்பெண்ணின் பூச்செண்டில் போய் உட்கார்ந்தது. பெண் வீறிட்டாள். மச்சான் பாட்டை நிறுத்தி, பூக்களுக்குள் கைவிட்டுப் பல்லை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

வெளியே வந்ததும் யாரோ துக்கம் விசாரிக்கிற முகத்தோடு கிட்டே வர, மச்சான் கடுப்பில் சொன்னார்: "எல்லாம் எங்க மாப்பிள்ளை கட்டினதுதான். அவர் கட்டினதுல இன்னிக்கு வரைக்கும் கழண்டு விழாம இருக்கறது என் தங்கச்சி ஒருத்திதான்."

நாற்பது பேர் சிரித்தார்கள். ஏழெழுபது அதைக் கேட்டுக்கொண்டு, கையில் எலுமிச்சைச் சாற்றுக் குவளையோடு நின்றார்.

அன்றைக்கே மன்னித்துவிட்டார் என்பது மட்டுமல்ல, மாதா மாதம் மன்னித்தார். மாத முதல் ஞாயிறு திருவிருந்து, மனஸ்தாபத்தைத் தீர்த்துக்கொண்டு அப்பமும் ரசமும் வாங்குகிற நாள்; அதற்கு முன் ஆளாளுக்கு எழுந்து பேசுகிற சாட்சி நேரம். ஏழெழுபது எழுந்து தொண்டையைச் செருமி, "என்னை நாப்பது பேர் முன்னால தலைகுனிய வச்ச ஒரு நெருங்கின உறவினரை நான் முழு மனசோட மன்னிச்சுட்டேன். பேர் சொல்ல விரும்பல" என்பார். உடனே சபை மொத்தமும் திரும்பிக் கடைசி பெஞ்சைப் பார்க்கும். அங்கே மச்சான் உட்கார்ந்திருப்பார். பாடகர் குழுவை விட்டு விலகி, மேல்பல் இல்லாத வாயை மூடிக்கொண்டு, பாட்டுப் புத்தகத்தைச் சும்மா விரித்து வைத்தபடி. பதினோரு வருஷம் இப்படிப் போயிற்று. சாட்சியில் அந்த நாற்பது பேர் மெல்ல வளர்ந்து நூற்று நாற்பது ஆனார்கள்.

பன்னிரண்டாவது வருஷம் ஒரு வியாழக்கிழமை, ஆஸ்பத்திரிப் பின்னறை அலமாரியைக் கறையான் அரித்துவிட்டது. "பழைய அச்சையெல்லாம் உடைச்சுக் கொட்டிருங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். ஏழெழுபது சுத்தியலோடு உட்கார்ந்தார். ஊரில் பாதிப் பேரின் தாடைகள் தூசி படிந்து வாயைப் பிளந்து கிடந்தன. எதிரே குப்பைத்தொட்டி. ஒவ்வொன்றாக எடுப்பார், அடியில் பென்சிலால் எழுதிய பேரைப் பார்ப்பார், ஒரு தட்டு.

மச்சான் பேர் போட்ட தாடை கைக்கு வந்தது. பழைய ஞாபகத்தில் ஒருமுறை மன்னித்துவிட்டு ஓங்கியவர், நிறுத்தினார். தாடையோடு கட்டியிருந்த அட்டையில் அவருடைய கையெழுத்திலேயே எழுதியிருந்தது: மேலண்ணத்தில் கடலைப்பருப்பு அளவு மேடு உண்டு. கவனம்.

அண்ணத்தைத் தடவினார். வழவழவென்று இருந்தது. மேடும் இல்லை, பள்ளமும் இல்லை.

அதே வரிசையில் அதே தேதி போட்ட இன்னொரு தாடை. ஓய்வு பெற்ற தலைமையாசிரியருடையது. எடுத்து அண்ணத்தில் விரலை வைத்தார். கடலைப்பருப்பு.

அன்று என்ன நடந்தது என்பது படம் போல ஓடியது. இரண்டு தாடைகளும் ஜன்னலோரம் காய்ந்துகொண்டிருந்தன. பேர் எழுத வேண்டிய நேரத்தில் அவர் முன்னறையில், வாயில் பஞ்சு வைத்திருந்த ஒருவரிடம் பிறர் குற்றங்களைப் பொறுப்பது பற்றி விளக்கிக்கொண்டிருந்தார். விளக்கம் நீண்டது. திரும்பி வந்து, எது யாருடையது என்று பார்க்காமலே எழுதினார். தலைமையாசிரியர் வாய்க்குக் கட்டிய செட் மச்சானுக்குப் போயிற்று. மச்சான் வாய்க்குக் கட்டியது தலைமையாசிரியருக்கு. தலைமையாசிரியர் குறை சொல்லத் தெரியாத மனுஷர். அவர் அந்தப் பல்லைச் சட்டைப் பையில் வைத்திருந்து போட்டோ எடுக்கும்போது மட்டும் மாட்டிக்கொள்வார். நாலு வருஷம் அப்படி இருந்துவிட்டுக் கண்ணை மூடினார்.

ஆக, மன்னிக்கப்பட வேண்டிய ஆள் பதினோரு வருஷமாக மன்னித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

சுத்தியல் கையில் இருந்தது. தொட்டி எதிரே இருந்தது. இரண்டே தட்டு, பிளாஸ்டர் பொடியில் எந்த அண்ணத்தில் மேடு இருந்தது என்று எந்தக் கோர்ட்டாலும் கண்டுபிடிக்க முடியாது. ஏழெழுபது ஒரு பெருமூச்சு விட்டார், கதவைச் சாத்தினார், சுத்தியலை ஓங்கினார், பிறகு அதைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு தாடைகளையும் துண்டில் சுற்றிச் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

வீட்டில் மனைவி பாத்திரம் கழுவப் பையைத் திறந்தாள். இரண்டு தாடைகள் அவளைப் பார்த்து இளித்தன.

"என்னங்க இது, யாரைத் தின்னுட்டு வந்திருக்கீங்க?"

சொன்னார். கேட்டவள் சிரிக்கவும் இல்லை, கத்தவும் இல்லை. ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "எங்கண்ணன் பாடிக் கேட்டு எத்தனை வருஷம் ஆச்சு தெரியுமா? நீங்க அவரை மன்னிச்சு மன்னிச்சே தேய்ச்சுட்டீங்க. ஞாயித்துக்கிழமை திருவிருந்து. அதுக்குள்ள போய்க் கேளுங்க."

"எப்படிக் கேக்கறது?"

"மத்தவங்க எப்படிக் கேக்கறாங்களோ அப்படித்தான்."

மற்றவர்கள் எப்படிக் கேட்கிறார்கள் என்று அவர் இதுவரை கவனித்ததில்லை. அவர்கள் கேட்பதற்கு முன்பே கொடுத்துவிடுகிற ஆள். வெள்ளிக்கிழமை முழுக்க உட்கார்ந்து கடிதம் எழுதிப் பார்த்தார். 'அன்புள்ள மச்சானுக்கு, ஒரு சிறு கைத்தவறு நேர்ந்துவிட்டது' என்று ஆரம்பித்தது, மூன்றாம் வரியில் 'அன்று நீங்கள் அவசரப்பட்டுப் பேசியதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை' என்று திரும்பி, முடிவில் மச்சானை நூற்று முப்பத்து மூன்றாவது தடவையாக மன்னித்துவிட்டது. கை பழகிய வழியிலேயே போகிறது. கிழித்துப் போட்டு மறுபடி எழுதினார். மறுபடியும் மன்னித்துவிட்டார்.

சனிக்கிழமை பிற்பகல் ரொட்டிக்கடைப் பின்கட்டுக்கு வெறுங்கையோடு, அதாவது கடிதம் இல்லாமல், பையோடு மட்டும் போனார். அடுப்புச் சூட்டில் சுவர் வியர்த்திருந்தது. மச்சான் மாவு மேசைக்கு அந்தப் பக்கம் நின்று, தன் கடை ரொட்டியின் ஓரத்தைத் தேநீரில் ஊறவைத்துத் தின்றுகொண்டிருந்தார்.

"வாங்க மாப்பிள்ளை. என்ன, என்னை மன்னிக்கற நாள் நாளைக்குத்தானே? ஒரு நாள் முன்னாடியே வந்துட்டீங்க?"

ஏழெழுபது துண்டைப் பிரித்து இரண்டு தாடைகளையும் மாவின்மேல் வைத்தார்.

"இது என்ன?"

"இது நீங்க மச்சான். அது தலைமையாசிரியர். உங்களுக்குக் கட்டறதை அவர் மேல கட்டிட்டேன். பேரை மாத்தி எழுதினது நான்தான். அட்டையைப் பாருங்க."

மச்சான் அட்டையைப் படித்தார். நாக்கால் தன் மேலண்ணத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார். பிறகு அடுப்புப் பக்கம் போய், தட்டுகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்து வைத்தார். ரொட்டிகளைப் புரட்டி அடியில் விரலால் தட்டிப் பார்த்தார். ஏழு ரொட்டி தட்டிய பிறகு திரும்பினார்.

"அன்னிக்கு நான் என்ன சொன்னேன்?"

"'இது என் வாய் மாதிரி இல்லியே'ன்னு சொன்னீங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"'பழகிரும்'னேன்."

"பழகுச்சா?"

ஏழெழுபது தலைகுனிந்தார். "நீங்க வேற ஆள்கிட்டயாவது கட்டியிருக்கலாமே மச்சான்" என்றார் மெல்ல.

"கட்டியிருக்கலாம். தங்கச்சி புருஷன் இங்க பல் கட்டிட்டு இருக்கும்போது நான் அடுத்த தெருவுல போய் வாயைத் திறந்தா, அப்புறம் உங்ககிட்ட யார் வருவா? ஏற்கெனவே ஒரு தடவை வாய்க்கொழுப்புல உங்களைக் கேலி பண்ணிட்டேன். அதோட போதும்னு இருந்துட்டேன். சரி, நான் ஒண்ணு கேக்கறேன். மாசா மாசம் என்னை மன்னிச்சீங்களே, ஒரு மாசமாவது 'வாங்க மச்சான், செட்டை என்னன்னு பாப்போம்'னு கூப்பிட்டீங்களா?"

கூப்பிடவில்லை. மன்னிப்பதிலேயே நேரம் போய்விட்டது.

"தப்பு என்னுது" என்றார் ஏழெழுபது. அவர் பேசிய பேச்சுகளிலேயே சிறியது அதுதான்.

"சரி, மன்னிச்சுட்டேன். அந்தத் தட்டை இப்படித் தள்ளுங்க."

"அவ்வளவுதானா?"

"வேற என்ன வேணும்? பேண்டு வாத்தியமா?"

"இல்ல மச்சான்... நீங்க கொஞ்சம் திட்டினா நல்லா இருக்கும். இவ்வளவு லேசா..."

மச்சான் கைமாவை உதறினார். "லேசா? பாட்டு வரும்போதெல்லாம் வாயை மூடிட்டு நின்னிருக்கேன். நீங்க சொன்னதும் நூறு பேர் திரும்பிப் பாக்கும்போது புத்தகத்தைப் பாத்துட்டு இருந்திருக்கேன். அதையெல்லாம் நெனச்சுப் பாத்துட்டுத்தான் சொல்றேன். ஏழு ரொட்டி தட்டற நேரம் ஆச்சு, பாத்தீங்கல்ல? சீக்கிரம் சொல்லிட்டேன்கறதால லேசுன்னு நெனச்சுக்காதீங்க." பிறகு அவர் கண்ணில் பழைய குறும்பு எட்டிப் பார்த்தது. "வேணும்னா நாளைக்கு நான் எழுந்து நிக்கட்டா? 'என் நெருங்கின உறவினர் ஒருத்தரை மன்னிச்சுட்டேன், பேர் சொல்ல விரும்பல'ன்னு?"

ஏழெழுபதின் முகம் பிளாஸ்டர் நிறத்துக்கு வந்தது.

"சும்மா சொன்னேன் மாப்பிள்ளை. உக்காருங்க, டீ குடிங்க."

ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரத்தில் அவரே எழுந்தார். சபை பழக்கப்படி கடைசி பெஞ்சைத் திரும்பிப் பார்த்தது. ஏழெழுபது அங்கேதான் மச்சான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்ததால், யாரைப் பார்ப்பது என்று அதற்குக் குழப்பமாகிவிட்டது.

"தப்பு மச்சான் மேல இல்ல. என் மேல. அச்சை மாத்திக் கட்டினது நான்தான்" என்றார்.

சபை உருகியது. கண்களைத் துடைத்தது. "பாத்தீங்களா, அடுத்தவர் தப்பைத் தன் மேல போட்டுக்கறார்!" என்று ஒரு குரல். "இந்தத் தாழ்மை யாருக்கு வரும்?" என்று இன்னொன்று. போதகரே தலையை ஆட்டி, "எப்பேர்ப்பட்ட மனசு!" என்றார். ஏழெழுபது "ஐயா, நெசமாவே நான்தான்யா" என்று கையைப் பிசைய, தாழ்மை இன்னும் கூடிவிட்டது. இந்த ஜனத்திடம் குற்றவாளி என்று பேர் வாங்குவது எளிதாக இல்லை.

"இப்பவும் பாராட்டு உங்களுக்குத்தான்" என்று மச்சான் முணுமுணுத்தார்.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து மனைவி எழுந்தாள். "இவங்க நம்ப மாட்டாங்கன்னு எனக்குத் தெரியும்" என்று சொல்லிக்கொண்டே முன்னால் போய், கைப்பையிலிருந்து இரண்டு தாடைகளையும் எடுத்துப் போதகர் மேசையில் வைத்தாள். அட்டையை எடுத்துச் சத்தமாகப் படித்தாள். எந்த அண்ணத்தில் மேடு இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டினாள்; சபை கழுத்தை நீட்டிப் பார்த்தது.

மூன்றாம் வரிசையில் இருந்த தலைமையாசிரியர் வீட்டம்மா எழுந்து வந்தார். மெலிந்த, நிமிர்ந்த அம்மா. "இதுல எது அவர்?" என்று கேட்டார். ஏழெழுபது ஓடிவந்து காட்டினார். அந்த அம்மா மேடில்லாத அண்ணத்தை ஒரு விரலால் தொட்டார்.

"அம்மா, என்னை மன்னிக்கணும்."

"யோசிச்சுச் சொல்றேன்" என்றார் அந்த அம்மா. தாடையைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு இடத்துக்குப் போய்விட்டார்.

திருவிருந்துக்கு எல்லோரும் வரிசையில் நின்றபோது கடைசி பெஞ்சுக்குத் திரும்பியிருந்த ஏழெழுபது எழவில்லை. மச்சான் அவர் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கினார். "எழுந்திரிங்க. என்கிட்ட வாங்கிட்டீங்கல்ல, இன்னிக்கு அதோட வாங்க. மிச்சத்துக்குக் காத்திருங்க."

காத்திருப்பது எப்படிப்பட்டது என்று அந்த வாரம் அவருக்குத் தெரிந்தது. திங்கள் ஒரு வருஷம், செவ்வாய் ஒரு வருஷம். தலைமையாசிரியர் வீட்டுத் தெருவை மூன்று தடவை சும்மா கடந்தார். பேருந்து நிற்காமல் போனது, மன்னிக்க மறந்துவிட்டார். துணி சொட்டியது, துடைத்துக்கொண்டு போனார். உடம்புக்கு ஏதோ ஆகிவிட்டது என்று மாடி வீட்டுக்காரர் வந்து விசாரித்தார்.

வெள்ளிக்கிழமை காலை மச்சான் ஆஸ்பத்திரிக்கு வந்து நாற்காலியில் சாய்ந்தார். "வாயைத் திறக்கறேன். இந்தத் தடவை முதல்ல பேரை எழுதுங்க" என்றார். ஏழெழுபது முதலில் பேரை எழுதினார். பசையைக் குழைத்து, வாய்க்குள் வைக்கிற தட்டில் நிரப்பி, மச்சானின் மேல்வாயில் அழுத்திப் பிடித்தார். மூன்று நிமிஷம் பிடிக்க வேண்டும்.

அந்த நேரம் பார்த்துக் கதவைத் திறந்துகொண்டு தலைமையாசிரியர் வீட்டம்மா வந்தார். கையில் அதே கைக்குட்டை மூட்டை.

"யோசிச்சுட்டேன்" என்றார். ஏழெழுபது திரும்ப முடியாமல் கழுத்தை மட்டும் திருப்பினார். "உங்களை மன்னிக்க எனக்கு ரெண்டு நாளே போதும். அது பெரிசா தெரியல. ஆனா ஒண்ணு இருக்கு. நாலு வருஷம் நான் அவரை விடல. 'கட்டின பல்லைப் போடாம பையில வச்சுட்டுத் திரியறீங்களே, சின்னப் பிள்ளையா நீங்க'ன்னு தெனமும் திட்டுவேன். வலிக்குதுன்னு ஒரு தடவை சொன்னார். நடிக்காதீங்கன்னேன். அப்புறம் அவர் சொல்லவே இல்ல. இப்ப நான் யார்கிட்டப் போய்க் கேக்கறது?"

மன்னிப்பைப் பற்றி அவர் அறியாத வசனம் இல்லை. பதினாறு வசனங்கள் நாக்கின் நுனிக்கு வந்து வரிசையில் நின்றன. அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தார். வசனங்களை அப்படியே விழுங்கினார்.

"நானும் அவர்கிட்டக் கேக்கணும்மா" என்றார் கடைசியில். "அவர் இருக்கற எடத்துல அவரைப் பாத்துக்கறவர்கிட்டத்தான் கேக்க முடியும். தனியாக் கேக்க எனக்குப் பயமா இருக்கு. ரெண்டு பேரும் சேர்ந்து கேப்போமா?"

அந்த அம்மா நாற்காலியின் அந்தப் பக்கம் வந்து நின்று கண்ணை மூடினார். ஏழெழுபதும், ஒரு கை மச்சானின் வாயில் இருக்க, கண்ணை மூடினார். "ஆண்டவரே" என்றார். "வலிக்குதுன்னு சொன்னவங்களை நாங்க நம்பல." அவர் விட்ட இடத்திலிருந்து அந்த அம்மா எடுத்துக்கொண்டு, மெல்ல, பேர் சொல்லிக் கணவரிடம் பேசுவது போலப் பேசினார். நிமிஷங்கள் போயின. ஏழெழுபது தன் வாழ்நாளில் முதல் தடவையாக இன்னொருவர் ஜெபத்தைக் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ம்ம்ம்ம்!" என்றார் மச்சான்.

பசை கெட்டியாகி வெகு நேரம் ஆகியிருந்தது. ஏழெழுபது இழுத்தார். தட்டு வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார். மச்சானின் தலைதான் கூடவே வந்தது. கால்கள் நாற்காலியை உதைத்தன.

"அம்மா, நீங்க என்னை மன்னிச்சீங்களா இல்லியான்னு..." என்று அந்த நிலையிலும் ஏழெழுபது ஆரம்பித்தார்.

"மன்னிச்சாச்சு, மன்னிச்சாச்சு!" என்று அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே மச்சானின் தோளைப் பிடித்து அழுத்தினார். "மொதல்ல அந்த மனுஷனை விடுங்க!"